துணைவரைத் தேர்தலும் பொருளைத் தெளிதலும்

நெடும்பயணம் புறப்படுகின்ற ஒருவன் முன்னே இரண்டு வினாக்கள் நிற்கின்றன. தன்னுடன் வருபவர் யார் என்பது ஒன்று. தன் கையில் இருப்பது யாது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை காணாதவன் நடுக்காட்டிலே தனித்து நிற்பான். இரண்டாம் வினாவுக்கு விடை காணாதவன் மருந்தென்று எண்ணி நஞ்சை அருந்துவான். வணிகனும் படைத்தலைவனும் மணம் பேசப் போகும் பெற்றோரும் இவ்விரு வினாக்களையும் எக்காலத்தும் எதிர்கொண்டே வந்துள்ளனர். இவற்றையே கருவாகக் கொண்டு ஒரு விளையாட்டு வகை தோன்றி, அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் வளர்ந்து வந்திருக்கிறது. மாய உலகத்திலே பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டு என்பது அதன் பெயர். வாளும் மந்திரமும் பறவைநாகமும் அதன் வெளித்தோற்றம். உள்ளே நடைபெறுவதோ மனிதரைத் தேர்தலும் பொருளைத் தெளிதலுமாகும்.

சதுரங்கம் ஆடுகின்றவர் பலகைக்கு வெளியே அமர்ந்து காய்களை நகர்த்துகிறார். காய் வெட்டுண்டால் அவருக்கு ஒரு காய் குறைகிறது, அவ்வளவே. பாத்திரம் ஏற்று ஆடுகின்றவரோ தாமே ஒரு காயாகிப் பலகைக்குள் இறங்கிவிடுகிறார். நடுவர் ஒருவர் அமர்ந்து, பாழடைந்த கோட்டையையும் அதன் கீழுள்ள நிலவறைகளையும் சொல்லாலே வருணிப்பார். ஆடுவோர் ஒவ்வொருவரும் தத்தம் பாத்திரம் அங்கே என்ன செய்கிறது என்பதை வாயாற் கூறுவர். வாள்வீச்சுப் பட்டதா, பூட்டுத் திறந்ததா என்பன போன்ற ஐயங்களைப் பகடை தீர்த்து வைக்கும். நாடகமும் சூதும் கதை சொல்லலும் ஓரிடத்திற் கூடினாற் போன்றது இவ்விளையாட்டு.

இதன் முதல் நூல் 1974ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே வெளிவந்தது. விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகக்ஸ் என்பவரும், மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் என்பவரும் அதனை ஆக்கினர். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். ‘நிலவறைகளும் பறவைநாகங்களும்’ என்று அதனைத் தமிழிற் கூறலாம். ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்களாக அது விற்கப்பட்டது. முதற் பதிப்பிலே அச்சிட்டவை 1,000 பெட்டிகள்தாம். பொம்மைப் படைகளைக் கொண்டு போர் நடத்தி விளையாடுவோரின் சிறு வட்டத்திலிருந்து அது பிறந்தது. படையை நடத்துவதை விட்டு, அப்படையிலுள்ள ஒருவனாக வாழ்ந்து பார்த்தால் என்ன என்ற எண்ணமே அதன் வித்து.

ஒருவனாக வாழப் புகுந்தவுடன் துணை வேண்டும் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. அவ்விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வலிமை, அறிவு, ஞானம், உடலுறுதி, கைத்திறன், வசீகரம் என ஆறு பண்புகள் உண்டு. மூன்று பகடைகளை உருட்டி, மூன்றிலிருந்து பதினெட்டு வரையில் விழுகின்ற எண்ணை ஒவ்வொன்றுக்கும் இடுவர். வாளேந்த விரும்புபவர் வலிமையையும், மந்திரம் கற்க விரும்புபவர் அறிவையும் நாடுவது இயல்பு. வசீகரத்துக்கு என்ன பயன்? நூல் அதற்குத் தெளிவான விடை கூறுகிறது. ஒருவர் தம்மிடம் எத்தனை துணையாட்களை வைத்துக்கொள்ளலாம் என்பதை வரையறுப்பது வசீகரமே. அப்பண்பு மூன்றாகவோ நான்காகவோ அமைந்தவர்க்கு ஒரே ஓர் ஆள். பதினெட்டு அமைந்தவர்க்குப் பன்னிருவர். துணையாட்களின் விசுவாசம் கூடுவதும் குறைவதும் அதனையே பொறுத்தன. தன் கைவலிமையால் ஒரு பகைவனை வெல்பவனைக் காட்டிலும், பன்னிருவரைத் தன்னுடன் நிற்கச் செய்பவன் வலியவன் என்னும் கருத்து அந்த அட்டவணைக்குள்ளே அடங்கிக் கிடக்கிறது.

ஆளைச் சேர்ப்பதற்கும் ஒரு முறை வகுக்கப்பட்டது. அழைப்பை விடுத்தபின் இரண்டு பகடைகள் உருட்டப்படும். பன்னிரண்டு விழுந்தால் அழைக்கப்பட்டவர் பேரார்வத்துடன் வந்து சேர்வார். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை விழுந்தால் அழைப்பை ஏற்பார். ஆறு முதல் எட்டு வரையெனில் முடிவு கூறாது தயங்குவார். மூன்று முதல் ஐந்து வரையெனில் வெறுப்புக் காட்டுவார். இரண்டு விழுந்தாலோ, அழைத்தவரையே தாக்க முற்படுவார். பகடையாயினும் இதிலே ஓர் உண்மை உண்டு. நட்புக்கு நீட்டிய கை எப்பொழுதும் நட்பையே பற்றும் என்பதற்கு உறுதி இல்லை. ஆயினும் நீட்டாத கையை எவரும் பற்றுவதில்லை.

இனிப் பொருளைப் பற்றிய வினாவுக்கு வரலாம். நிலவறையில் ஒரு வாள் கிடைக்கிறது. ஒரு மோதிரம் கிடைக்கிறது. நிறம் தெரிகின்ற மருந்துக் குப்பி ஒன்று கிடைக்கிறது. அவை மந்திர ஆற்றல் உடையனவா, எத்தகைய ஆற்றல், நன்மையா தீமையா என்பவை பார்வைக்குப் புலனாகா. நூலாசிரியர்கள் வேண்டுமென்றே இரட்டைப் பொருள்களைப் படைத்தனர். தன் தோற்றத்தைவிட மிகுதியான பண்டங்களைத் தாங்கும் மாயப்பை ஒன்று உண்டு. அதே தோற்றத்தில், உள்ளே இட்டதையெல்லாம் விழுங்கும் பை ஒன்றும் உண்டு. நல்லூழ் தரும் கல் ஒன்று உண்டு. அதனைப் போலவே தோன்றி, எடுத்தவரைப் பாரமாய் அழுத்தி, எறிந்தாலும் நீங்காத கல் ஒன்றும் உண்டு. பொற்கொல்லன் உரைகல்லில் உரைத்துப் பார்க்கும்வரை பொன்னும் பித்தளையும் ஒரே மஞ்சள்தான்.

இந்த மாயப் பொருள்களுக்கு உரைகல் யாது? 1978ஆம் ஆண்டில் கைகக்ஸ் வெளியிட்ட விரிவான விதிநூலில், பொருளை இனங்காணும் மந்திரம் ஒன்று மந்திரவாதியின் முதற்படியிலேயே வைக்கப்பட்டது. முதற்படியாயினும் அது எளிதன்று. நூறு பொற்காசு பெறுமதியான முத்து வேண்டும். மதுவில் ஊறிய ஆந்தையின் இறகு வேண்டும். அந்த ஊறலைக் குடித்து, உயிருள்ள சிறு கெண்டை மீன் ஒன்றை முழுதாக விழுங்கவும் வேண்டும். அதன்பின் மந்திரவாதியின் உடலுறுதியில் எட்டுப் புள்ளிகள் தற்காலிகமாகக் குறைந்துவிடும்; ஓய்வெடுத்தால் ஒரு மணிக்கு ஒரு புள்ளியாகவே அவை மீளும். இவற்றினும் கடுமையான நிபந்தனை ஒன்று உண்டு. ஆராயப்படும் பொருளை அதற்குரிய முறையில் அணிந்தோ ஏந்தியோதான் ஆராய வேண்டும். அதில் சாபம் இருப்பின், அது முதலிற் பற்றுவது ஆராய்பவரையே. இவ்வளவு செய்தும் விடை கிடைப்பது உறுதியன்று. மீன் விழுங்கும் வேடிக்கையை நீக்கிவிட்டுப் பார்த்தால், அறிவு இலவசமாகக் கிடைப்பதில்லை, அறிய முற்படுபவரே அதன் விலையைத் தம் உடம்பாற் கொடுக்கிறார் என்னும் கருத்தே எஞ்சுகிறது.

அம்முதல் நூல்களிலே இரு வினாக்களும் ஓரிடத்தில் வந்து முட்டுவதும் உண்டு. அவற்றிற் கூறப்படும் மந்திர வாள்களுட் சில அறிவுடையவை. தமக்கென ஒழுக்கச் சார்பும் செருக்கும் உடையவை. தன் சார்புக்கு மாறானவர் கைதொட்டால் அவ்வாள் அவரைக் காயப்படுத்தும். ஏந்தியவர் தளர்ந்த வேளையில் அவரையே ஆளவும் முற்படும். அங்கே பொருள் துணைவனாகிறது; துணைவனைத் தேர்வது போலவே வாளையும் தேர வேண்டியதாகிறது.

சில ஆண்டுகளுள் இவ்விளையாட்டு மேசையிலிருந்து கணினிக்குப் பெயர்ந்தது. நடுவர் இருந்த இடத்தில் இயந்திரம் அமர்ந்தது. அப்பெயர்ச்சியில் பெரும் புகழ் பெற்றது, ஆண்ட்ரூ கிறீன்பேர்க், றொபேட் வூட்ஹெட் என்னும் இருவர் ஆக்கி 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விசாட்றி’ என்பதாகும். அதில் ஆறு பேர் கொண்ட குழுவை ஒரு மதுச்சாலையிலே திரட்ட வேண்டும். மதுச்சாலையின் பெயர் கில்காமேஷ். நண்பனை இழந்து அழுத பழைய மெசப்பொத்தேமிய அரசனின் பெயர் அது. நல்லோர் என்று குறிக்கப்பட்டவரும் தீயோர் என்று குறிக்கப்பட்டவரும் அங்கே ஒரே குழுவிற் சேரார். நடுநிலையாளர் இரு பக்கத்துடனும் சேர்வர். ஆகவே குழு திரட்டுபவர் முதல் நாளிலேயே தம் பக்கம் எதுவெனத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

பொருளைத் தெளிதலிலும் ‘விசாட்றி’ கணக்குப் பிசகாதது. இன்னதென்று தெரியாத பொருளைக் கடைக்குக் கொண்டு சென்றால் வணிகர் இனங்கண்டு சொல்வார். ஆனால் அதற்கு அவர் கேட்கும் கூலியும், அப்பொருளை அவரிடமே விற்றாற் கிடைக்கும் தொகையும் சமம். விற்பதற்காக இனங்காண்பவர்க்கு ஒரு காசும் மிஞ்சாது. அதிலிருந்து தப்ப வேண்டுமாயின் இனங்காணும் திறன் பெற்ற மேற்றிராணியார் ஒருவரைக் குழுவிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் போரில் வீரனுக்கு நிகராகார். மந்திரத்தில் முன்னேறுவதும் மெதுவாகவே. அவருடைய ஆராய்ச்சி தவறினால், சாபப் பொருள் அவர் உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளவும் கூடும். ஆயினும் அனுபவம் மிக்க ஆட்டக்காரர் அவரைக் கைவிடுவதில்லை. வாள் வீசுபவர் ஐவரையும், வாள் எதுவெனச் சொல்ல வல்லவர் ஒருவரையும் கொண்ட குழுவே நெடுந்தூரம் செல்லும்.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1980இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் சிலரின் முயற்சியால் ‘றோக்’ என்னும் ஆட்டம் தோன்றியது. அதிலே துணைவர் இல்லை; தனி ஒருவரே நிலவறைக்குள் இறங்க வேண்டும். குப்பிகளின் நிறமும், சுருளேடுகளின் பொருளற்ற தலைப்புகளும் ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாகக் கலைத்து அடுக்கப்படும். நேற்று நோய் தீர்த்த நீலக் குப்பி இன்று கண்ணைக் குருடாக்கலாம். ஆகவே மனப்பாடம் உதவாது, அனுமானமே உதவும்.

அந்த மரபிலே 1987ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நெற்ஹக்’ என்னும் ஆட்டம் அனுமானத்தை ஒரு கலையாகவே ஆக்கிற்று. கடைக்காரர் ஒரு சுருளுக்குச் சொல்லும் விலையைக் கொண்டு அது எவ்வகையைச் சேர்ந்தது என்று ஊகிக்கலாம். பலிபீடத்தின்மேற் பொருளை வைத்தால், சாபம் உடையது கருநிறமாக ஒளிரும். சாம்பல் நிறக் கல்லைக் கையால் எடுக்குமுன் காலால் உதைத்துப் பார்ப்பர். அசையாவிடின் அது சுமையாய் ஒட்டும் கல்லென்று விட்டு விலகுவர். இவை எல்லாவற்றினும் நயமான வழி ஒன்று அவ்வாட்டத்தில் உண்டு. தொடக்கத்திலேயே ஆடுபவருடன் ஒரு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வருகிறது. கீழே கிடக்கும் பொருள் சாபமுடையதாயின், அவ்விலங்கு அதன்மேற் கால்வைக்கத் தயங்கும். ஆடுபவரின் கண்ணுக்குத் தெரியாதது துணையின் காலுக்குத் தெரிந்துவிடுகிறது. நாயைப் பேணாது பசியால் வாடவிட்டவர் அந்த உரைகல்லையும் இழக்கிறார்.

இவ்விரு வினாக்களையும் ஒருங்கே விரிவாக எழுப்பிய ஆட்டம் 1998ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘பால்டர்ஸ் கேற்’ என்பதாகும். அதனை ஆக்கிய நிறுவனம் கனடாவின் எட்மன்ரன் நகரில் மருத்துவர்களால் நிறுவப்பட்டது. ஆடுபவர் கண்டில்கீப் என்னும் நூலகக் கோட்டையில் வளர்ந்த அநாதை. வளர்ப்புத் தந்தை கோரியன் முதல் இரவிலேயே கொல்லப்படுகிறார். நட்பு விடுதி ஒன்றிலே காலிட், ஜஹைரா என்னும் தம்பதியரைச் சந்திக்குமாறு அவர் முன்னமே கூறியிருக்கிறார். விடிந்தவுடன் சிறுவயதுத் தோழி இமோயன் வந்து சேர்கிறாள். பெருவழியை அடையுமுன் வேறிருவர் எதிர்ப்படுகின்றனர். சார் என்னும் மந்திரவாதியும் மொண்டாரன் என்னும் கள்வனும் ஆகிய அவ்விருவர், காயமுற்றிருக்கும் பயணிக்கு மருந்து தர முன்வருகின்றனர். அதனையே நன்றிக்கடனாக்கித் தம்முடன் வருமாறு கேட்கின்றனர். தந்தை குறித்த நண்பர்கள் இன்னும் தொலைவில் இருக்கின்றனர். தீயோர் மருந்துடன் அருகில் நிற்கின்றனர். ஆட்டத்தின் முதற் சோதனை இதுவே.

அவ்வாட்டத்தில் சேர்த்துக்கொள்ளத்தக்க துணைவர் 25 பேர். ஆடுபவர் உட்பட ஆறு பேருக்கு மேல் ஒரு குழுவில் இடமில்லை. ஆகவே இருபதின்மரை விட்டு ஐவரைத் தேர வேண்டும். சிலர் தனியே வாரார். காலிட்டை விலக்கினால் ஜஹைராவும் விலகுவாள். சாரை விலக்கினால் மொண்டாரனும் போய்விடுவான். நாஷ்கெல் என்னும் ஊரில் மின்ஸ்க் என்னும் வீரன் எதிர்ப்படுகிறான். சிறு எலி போன்ற பிராணி ஒன்றைச் சுமந்து அதனுடன் பேசுகின்ற வெகுளி அவன். கொடியோர் கோட்டையிற் சிறைப்பட்ட டைனாகேர் என்னும் மந்திரக்காரியை மீட்குமாறு வேண்டுகிறான். சரி என்று கூறிவிட்டு நாளைக் கடத்தினால் அவனே பகைவனாவான். அதே ஊரில் எட்வின் என்னும் மந்திரவாதி நிற்கிறான், திறமையிற் பெரியவன். அதே டைனாகேரைக் கொல்லுமாறு அவன் கேட்கிறான். இருவரையும் ஏற்றுக்கொள்ள எண்ணுபவர் இறுதியில் ஒருவரை இழக்கவே நேரும். வாக்குக் கொடுப்பது எளிது. ஒரே நாவால் இரு திசையிலும் கொடுத்த வாக்கு எவ்வாறு வெட்டும் என்பதை இங்கே காணலாம்.

இன்னும் ஓர் ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. ஊரார் மதிப்பு என்னும் அளவு ஒன்று ஆட்டம் முழுவதும் ஏறியும் இறங்கியும் வருகிறது. ஏழைக்கு உதவினால் அது உயரும். குற்றமற்றவரைக் கொன்றால் வீழும். மதிப்பு மிகத் தாழ்ந்தால் நற்குணத் துணைவர் முறையிட்டு, பின்னர் விலகிச் செல்வர். அது மிக உயர்ந்தாலோ, தீக்குணத் துணைவர் பொறுக்கமாட்டாது விலகுவர். துணைவரைத் தலைவன் எடைபோடுகிறான் என்று எண்ணிக்கொண்டிருக்க, துணைவரும் தலைவனை எடைபோட்டுக்கொண்டிருக்கின்றனர்.

பொருளைத் தெளியும் முறையும் அங்கே குழுவின் அமைப்போடு பிணைந்தது. ஒவ்வொருவருக்கும் பழம்பொருள் அறிவு என்று ஓர் அளவு உண்டு. வீரனுக்கும் பூசகருக்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி, மந்திரவாதிக்கும் கள்வனுக்கும் மும்மூன்று, பாணனுக்கோ பப்பத்து. அரசர்களின் கதையையும் படைக்கலங்களின் வரலாற்றையும் பாடித் திரிபவன் ஆதலின், பழைய வாளொன்றைக் கண்டதும் இது யாருடையது என்று சொல்ல வல்லவன் பாணனே. போரில் பின்னிற்கும் அவனை இளம் ஆட்டக்காரர் பலர் ஒதுக்கிவிட்டு, பின்னர் ஒவ்வொரு பொருளுக்கும் கடையில் நூறு பொற்காசு கொடுத்து நிற்பர். மந்திரத்தால் அறிய முற்படுபவர்க்கும் ஒரு விலை உண்டு. தொடக்கநிலை மந்திரவாதியின் நினைவில் ஒரு மந்திரத்துக்கே இடம் உண்டு. அதை இனங்காணலுக்கு ஒதுக்கினால், பகைவரை உறங்க வைக்கும் மந்திரத்தை அன்று இழக்க வேண்டும்.

அறியாமல் அணிவதன் கேட்டை உணர்த்த ஒரு சிறு நிகழ்ச்சி போதும். நட்பு விடுதியின் அயலிலே ஓர் அரக்கன் அலைகிறான். அவனை வென்றால் இரண்டு அரைக்கச்சைகள் கிடைக்கின்றன. இரண்டும் பார்வைக்குக் கச்சைகளே. ஒன்று கூரிய படைக்கலங்களின் குத்திலிருந்து காப்பது. விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண்மணி அதைத் தேடிக்கொண்டிருக்கிறாள். மற்றொன்று சாபமுடையது, அணிந்தவரை ஆணாயின் பெண்ணாகவும் பெண்ணாயின் ஆணாகவும் மாற்றிவிட்டு, சாபம் நீக்கும் மந்திரம் கிட்டும்வரை கழலாது கிடக்கும். பலர் இதைப் பட்டே அறிந்தனர். விலை சிறிது, பாடம் பெரிது. அதன்பின் அவர்கள் எந்த மோதிரத்தையும் ஆராயாது விரலில் இடுவதில்லை.

அக்கதையின் மையத்திலும் இதே பொருள்தான் நிற்கிறது. நாஷ்கெல் சுரங்கத்தின் இரும்பைச் சதிகாரர் இரகசியமாகக் கெடுத்துவிட்டனர். அதனால் நாட்டிலுள்ள வாள்களெல்லாம் போர் நடுவே முறிகின்றன. மந்திர வாள்கள் மட்டுமே முறிவதில்லை. வெளியே பளபளக்கும் இரும்பு உள்ளே உளுத்திருக்கிறது. பொருளைத் தெளியாத நாடு எவ்வாறு தளரும் என்பதை ஒரு விளையாட்டு இவ்வளவு நேராகச் சொல்லியிருப்பது வியப்புக்குரியது.

இத்தகைய ஆட்டங்களிலே நன்கு தேறியவர்கள் கைக்கொள்ளும் நெறிகளை ஒருவாறு தொகுத்துக் கூறலாம். முதலாவது, துணைவரைத் திறமைக்காக மட்டும் சேர்ப்பதில்லை. ஒருவரோடொருவர் பொருந்துவரா என்பதையும் பார்க்கின்றனர். வல்லவர் அறுவர் தம்முள் மோதிக்கொண்டால் எளியவர் மூவருக்கும் ஈடாகார். இரண்டாவது, முன்னிற்பவர், காயம் ஆற்றுபவர், பொறியை அறிபவர், பொருளை அறிபவர் என்னும் நால்வகையில் எதுவும் குறையாதபடி குழுவை அமைக்கின்றனர். மூன்றாவது, முதலிற் கடையின் விலையையும், பின்னர்த் துணைவரின் அறிவையும் பயன்படுத்தி, அணிந்து பார்த்தலை இறுதியாகவே வைக்கின்றனர். நான்காவது, அணிந்தே பார்க்க வேண்டி வந்தால், சாபம் நீக்கும் வழியை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்கின்றனர். இந்நான்கும் விளையாட்டுக்கு மட்டுமே உரியவை அல்ல என்பதை நேயர்கள் உணர்வர்.

காலம் செல்லச் செல்ல ஆட்டக்காரரின் பொறுமை குறைந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் மந்திரம் ஓதுவதும் கூலி கொடுப்பதும் வீண் வேலை என்னும் முறைப்பாடு எழுந்தது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு விதிநூல், ஒரு மணி நேரம் ஓய்ந்திருந்து ஒரு பொருளிற் கருத்தைச் செலுத்தினாலே அதன் ஆற்றலை அறியலாம் என்று வகுத்தது. 2023ஆம் ஆண்டில், பெல்ஜியத்தைச் சேர்ந்த லேரியன் நிறுவனம் ‘பால்டர்ஸ் கேற்’ வரிசையின் மூன்றாம் ஆட்டத்தை வெளியிட்டது. அதில் பொருளை இனங்காணும் வேலை அறவே இல்லை. வாளை எடுத்தவுடனேயே அதன் பெயரும் ஆற்றலும் திரையிலே தோன்றிவிடும். முந்திய தலைமுறையினர் சிலர், மருமமே போய்விட்டது என்று இதற்காக வருந்தினர்.

அவ்வருத்தம் முழுதும் பொருந்துமா என்று ஆராய்ந்தால் வேறொன்று புலப்படும். அம்மூன்றாம் ஆட்டத்தில் பொருள்கள் தம்மை மறைப்பதில்லை, துணைவர்கள் மறைக்கின்றனர். அஸ்தாரியன் என்னும் நயமான பேச்சுக்காரன் இரத்தம் குடிக்கும் இனத்தவன் என்பது ஓர் இரவில்தான் வெளிப்படுகிறது. ஷாடோஹார்ட் என்னும் பூசகி, தான் வணங்கும் தெய்வத்தின் பெயரையும் தான் சுமக்கும் பொருளின் மருமத்தையும் மறைத்தே வருகிறாள். கேல் என்னும் மந்திரவாதி தன் மார்புக்குள் ஓர் அழிவாற்றலை அடக்கி வைத்திருக்கிறான். அது அடங்கியிருக்க வேண்டுமாயின், குழு அரிதிற் பெற்ற மந்திரப் பொருள்களை அவனுக்கு உணவு போல அளிக்க வேண்டும். அவனைத் துணையாக வைத்திருப்பதற்கு விலை, கையிலுள்ள மாயப் பொருளே. பழைய ஆட்டங்களில் பொருளைத் தெளிவதற்குத் துணைவர் வேண்டியிருந்தது. இங்கே துணைவரைக் காப்பதற்குப் பொருளைத் துறக்க வேண்டியிருக்கிறது. இனங்காணும் வேலை ஒழியவில்லை. அது வாளிலிருந்து மனிதருக்கு இடம்பெயர்ந்தது.

அவ்விடப்பெயர்ச்சி விளையாட்டின் வயது முதிர்ச்சியைக் காட்டுகிறது எனலாம். பொருளைத் தெளிவதற்கு முத்தும் இறகும் போதும். கடைக்காரனுக்கு நூறு காசு கொடுத்தாலும் போதும். மனிதரை முழுதும் தெளிவதற்கு மந்திரம் போதாது. உடன் நடந்து, உடன் உண்டு, ஆபத்தில் அவர் எப்பக்கம் திரும்புகிறார் என்று கண்டு, அவர் மறைத்ததை அவரே சொல்லும் நாள்வரை காத்திருத்தலே அதற்கு வழி. அஸ்தாரியனின் இரகசியம் வெளிப்பட்டவுடன் அவனைத் துரத்தவும் கொல்லவும் ஆடுபவருக்கு உரிமை உண்டு. அவனை உடன் வைத்திருக்கவும் உரிமை உண்டு. வைத்திருந்தவர்கள், இருநூறு ஆண்டுகள் ஒரு கொடிய எசமானுக்கு அடிமையாய்க் கிடந்த ஒருவனின் கதையைக் கேட்கிறார்கள். துரத்தியவர்கள் அதைக் கேட்பதில்லை. சாபப் பொருளை எறிந்துவிடுவது அறிவுடைமை. சாபத்துக்கு உட்பட்ட மனிதனை எறிந்துவிடுவதும் அறிவுடைமைதானா என்று அவ்வாட்டம் கேட்கிறது.

இவ்விளையாட்டுகளிற் காலம் கழிக்கும் இளைஞரை நோக்கி, இவை வெறும் மாயக்கதைகள் என்று பெரியோர் கடிந்துகொள்வது உண்டு. படிப்பையும் தொழிலையும் மறந்து எதிலே மூழ்கினாலும் கடிதலுக்கு இடம் உண்டுதான். ஆயினும் அவ்விளைஞர் திரைக்கு முன்னே செய்கின்ற வேலை இன்னதென அறிந்தபின் கடிவது நன்று. அறியாத குப்பியை உடனே வாயில் வைக்காதிருக்கவும், மருந்து நீட்டுபவரின் நோக்கத்தை ஆராயவும், கொடுத்த வாக்குக்கு நாள் உண்டென்று நினைவிற் கொள்ளவும், வாள் வீசத் தெரியாத பாணனுக்கும் குழுவில் ஓரிடம் வைக்கவும் அவர்கள் பழகுகின்றனர். பழகியதை மேசையைவிட்டு எழுந்தபின்னும் கைக்கொள்கின்றனரா என்பதே எஞ்சும் வினா. அதற்கு விடை தருவது பகடையன்று.